மீற்றர்க் கண்ணாடி மங்கினால்

எமது அயலில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இருக்கின்றார். வயது எழுபத்தாறு. இன்றும் தமது காரைத் தாமே செலுத்துபவர். சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் மாலை அவர் எமது படலையைத் திறந்துகொண்டு வந்தார், திண்ணையில் அமர்ந்தார், செம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் குடித்தார், குடித்து முடித்ததும், "காரை விக்கப்போறன்" என்றார்.

நாம் திடுக்கிட்டோம். அது 1980ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஒரு டட்சன் சன்னி. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வாராதிருந்த 1990களில் மண்ணெண்ணெயைக் குடித்து ஓடிய வண்டிகளுள் அதுவும் ஒன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு இரவோடிரவாகப் புறப்பட்டபோது, அப்போது அங்கே குடியிருந்த இவரது குடும்பத்தையும் அயல்வீட்டுக் கிழவி ஒருத்தியையும் சுமந்துகொண்டு, நடப்பவரை விட மெதுவாக ஊர்ந்து தென்மராட்சிக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கார்தான். அதனை விற்பதென்றால் காரணம் இல்லாமற் போகாது. கேட்டோம். "கண் பழையபடி மங்கிப் போச்சு" என்றார்.

நடந்தது இதுதான். அவரது மனைவியாருக்கு மாதம் இருமுறை யாழ்ப்பாண நகரில் மருத்துவரைக் காண வேண்டியிருக்கின்றது. கிளினிக் முடிந்து வீடு திரும்பும்போது பெரும்பாலும் மாலை ஐந்து மணியைத் தாண்டிவிடும். அன்றும் அவ்வாறே வல்லை வெளியைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். வல்லை வெளியை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதி அவ்விடத்தில் மரமொன்றும் இல்லாத ஒரு வெட்டவெளியை ஊடறுத்து வடகிழக்காகச் செல்கின்றது. மாலைச் சூரியன் பின்புறமாக நின்று, வண்டிக்குள்ளே நேராக நுழைந்து, ஸ்டியரிங்குக்கு முன்னாலிருக்கும் மீற்றர்ப் பலகையின் மேல் விழும். அந்த வேளையில் ஆசிரியரின் கண்ணுக்கு மீற்றர்கள் தெரியவில்லை. வெள்ளைத் துணியொன்றைப் போர்த்தியதுபோல் இருந்ததாம். வெப்பமானியின் முள் மேலேறியதை அவர் காணவில்லை. பாலத்தை அணுகும்போது முன்பக்கத்திலிருந்து நீராவி புறப்பட்டது. றேடியேற்றரில் ஒரு சிறு பொத்தல். நோயாளியான மனைவியாரை வெயிலில் அமர்த்திவைத்து, வழியால் வந்தவர்களிடம் தண்ணீர் கேட்டு நின்றிருக்கின்றார்.

பொத்தலை அடைத்தாயிற்று. மனப்பொத்தல் அடைபடவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன்பு இரு கண்களிலும் புரை நீக்கிச் செயற்கை வில்லை வைத்துக்கொண்டவர் அவர். கண் வைத்தியரிடம் மறுபடி போனார். "ஒரு குறையும் இல்லை" என்று வைத்தியர் சொன்னதை அவர் நம்பவில்லை. கிழவன் மனம் நோகக்கூடாதென்று சொல்லியிருப்பார் என்பது அவரது துணிபு. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காரைப் பார்க்க ஒருவர் வரவிருந்தார்.

எமக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பேசிக்கொண்டிருந்த அந்த வேளையிலேயே, எமது திண்ணையிற் கிடந்த பத்திரிகையை எடுத்து, சிறிய எழுத்தில் அச்சாகியிருந்த மரண அறிவித்தல்களை அவர் மூக்குக் கண்ணாடியின்றிப் படித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு சாண் நீள மீற்றர் தெரியாமற் போவதென்றால், குற்றம் கண்ணில் இருக்கவேண்டுமென்பதில்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு கார்க் கொட்டிலுக்குப் புறப்பட்டோம்.

மீற்றர்ப் பலகையின் மேலே ஒளி ஊடுருவும் மூடி ஒன்று உண்டு. நாம் அதனைக் 'கண்ணாடி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1950களில் வந்த ஒஸ்ரின், மொறிஸ் போன்ற கார்களில் அது மெய்யாகவே கண்ணாடிதான். பின்னாளில் வந்தவற்றிற் பெரும்பாலும் அது பிளாஸ்ரிக். கைவிளக்கை நேராகப் பிடித்துப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பக்கவாட்டிற் சரித்துப் பிடித்ததும் மூடி முழுவதும் வெள்ளி நூல்களாற் பின்னியதுபோல் மின்னியது. வலதுபக்கக் கீழ்மூலையில், வெப்பமானிக்கு நேர்மேலே, உள்ளங்கையளவு இடம் பால்போல் வெளிறிக் கிடந்தது.

கீறல்களை ஆராய்கின்றவர்கள் ஓர் ஏமாற்றத்துக்கு ஆளாகாதிருக்க வேண்டும். விளக்கொன்றைப் பிடித்துப் பார்த்தால், அந்த விளக்கைச் சுற்றி வட்டவட்டமாகக் கீறல்கள் இருப்பதுபோலவே எப்போதும் தெரியும். யாரோ வட்டமாகத் தேய்த்துவிட்டார்கள் என்று நினைத்துவிடுவோம். உண்மையிற் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் இருக்கும். ஒளி வரும் திசைக்குக் குறுக்கே அமைந்தவை மாத்திரமே எமது கண்ணுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்ததில் இரண்டு வகைத் தேய்ப்புக்கள் புலப்பட்டன. ஒன்று இடமிருந்து வலமாக நீண்டோடும் மெல்லிய கோடுகள், எண்ணிறந்தவை. மற்றையது அந்தப் பால் வெளிறல்.

"காரைத் துடைப்பது யார்?" என்று கேட்டோம். எமக்குப் பின்னால் நின்ற அவரது பேரன், ஒன்பதாம் வகுப்பிற் படிப்பவன், தலையைக் குனிந்துகொண்டான். சென்ற நவராத்திரியில் ஆயுத பூசைக்கு முதல்நாள் காரைக் கழுவும் வேலையை அவனாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றான். மீற்றர் மூடியில் ஏதோ பிசின் ஒட்டியிருந்தது. குசினியிலிருந்து பாத்திரம் துலக்கும் பொடியையும் தும்பையும் கொண்டுவந்து தேய்த்தான். பிசின் போய்விட்டது. காய்ந்த பின்பு பார்த்தபோது இடம் வெளிறியிருந்தது. பயந்துபோய்ப் பேசாதிருந்துவிட்டான். அம்மப்பா கண் மங்கிவிட்டதென்று சொல்லத் தொடங்கியதும் அந்தப் பயம் வேறொரு பாரமாக மாறியிருக்கின்றது. கார் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவனது அம்மம்மா பிற்பாடு சொன்னார்.

ஆசிரியர் ஒருகணம் பேசவில்லை. பின்பு, "அப்ப இந்த நீளக் கோடுகள் ஆர் போட்டது?" என்று எம்மைக் கேட்டார். நாம் கார்ப் பெட்டியைத் திறந்து, அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு துவாய்த் துண்டை எடுத்துக் காட்டினோம். காரில் ஏறியதும் அதனால் மீற்றரை ஒருமுறை உலர்த் துடைப்பாகத் துடைத்துவிட்டே சாவியைத் திருப்புவது அவருடைய நெடுநாளைய வழக்கம்.

இங்கே மாணவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. 1812ஆம் ஆண்டு பிரெடரிக் மோஸ் என்ற ஜேர்மானியர் கனிப்பொருள்களின் கடினத்தை ஒன்று முதற் பத்து வரை வரிசைப்படுத்தினார். கடினம் கூடியது கடினம் குறைந்ததைக் கீறும் என்பதே அளவை. வைரம் 10. மணலிலுள்ள படிகக்கல் 7. சாளரக் கண்ணாடி ஏறக்குறைய 5.5. மீற்றர் மூடிகளுக்குப் பயன்படும் அக்கிரிலிக் என்னும் பிளாஸ்ரிக்கோ ஏறக்குறைய 3. எமது வீதிப் புழுதியில் மணல் உண்டு. உலர்ந்த துணியால் துடைப்பதென்பது அந்த 7ஐ எடுத்து 3இன் மேல் வைத்து இழுப்பதேயாகும். துணி எவ்வளவு மிருதுவானதென்பது இங்கே பொருட்டல்ல. துணிக்கும் மூடிக்கும் இடையில் அகப்பட்டது எது என்பதே கேள்வி. பாத்திரப் பொடி அதனை ஐந்து நிமிடத்திற் செய்தது. துவாய்த் துண்டு முப்பது வருடங்களிற் செய்தது.

அக்கிரிலிக்கைப் பற்றி இன்னொரு சங்கதி. 1933ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஒட்டோ றோம் அதனைப் 'பிளெக்சிகிளாஸ்' என்ற பெயரிற் பதிவு செய்தார். பிரித்தானியாவில் அது 'பேர்ஸ்பெக்ஸ்' ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேலுள்ள மூடிகள் அதனாலே செய்யப்பட்டன. மூடி நொறுங்கி அதன் துகள்கள் கண்ணிற் பாய்ந்த விமானிகளைப் பரிசோதித்த ஹரோல்ட் றிட்லி என்னும் ஆங்கிலேயக் கண் வைத்தியர், அத்துகள்கள் கண்ணுக்குள்ளே கிடந்தும் கண் அவற்றை வெறுத்துச் சீழ்கொள்ளாதிருப்பதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பின் பயனாக 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில், புரை நீக்கிய கண்ணொன்றுக்குள் முதன்முதலாகச் செயற்கை வில்லை வைக்கப்பட்டது. அது அக்கிரிலிக்கினாற் செய்த வில்லை. இன்று வைக்கப்படுபவற்றுட் பல, மடிக்கக்கூடிய வேறு வகை அக்கிரிலிக்குகள். ஆக, ஆசிரியரின் கண்ணுக்குள் இருப்பதும் அவர் காரின் மீற்றருக்கு மேல் இருப்பதும் ஒரே குடும்பத்துப் பொருள்களாக இருத்தல் கூடும். உள்ளே இருப்பதற்கு இமை என்ற காவலும் கண்ணீர் என்ற கழுவலும் உண்டு. வெளியே இருப்பதற்குத் துவாய்த் துண்டு.

இதைச் சொன்னபோது ஆசிரியர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுவே முதற்றடவை.

இனி வேலைக்கு வருவோம். ஒரு கீறலைத் தேய்த்துப் போக்கலாமா, அன்றி மூடியையே மாற்றவேண்டுமா என்பதை அறிய ஒரு பைசாச் செலவில்லாத சோதனை இருக்கின்றது. விரலைத் தண்ணீரில் நனைத்து மங்கிய இடத்திற் பூசுங்கள். ஈரமாயிருக்கும்வரை மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வருமானால் அது மேற்பரப்புக் கீறல், தேய்த்துப் போக்கலாம். காரணம் இது. அக்கிரிலிக்கின் முறிவுச் சுட்டி 1.49, காற்றினது 1, தண்ணீரினது 1.33. கீறலின் பள்ளத்திற் காற்று நிறைந்திருக்கும்போது ஒளி பள்ளத்தின் சுவர்களில் மோதிக் கண்டபடி சிதறும். தண்ணீர் நிறைந்தால் வேறுபாடு குறைந்து ஒளி ஏறக்குறைய நேராகவே போய்விடும். ஈரத்திலும் மறையாத மங்கல், வெயிலாற் பழுத்த மஞ்சளாகவோ உள்வெடிப்பாகவோ இருக்கும். அதற்கு எமது வைத்தியம் பலிக்காது. இனி, நகத்தைக் குறுக்கே மெல்ல இழுக்கும்போது அது கீறலில் தடக்கி நின்றால், கீறல் ஆழமானது என்று கொள்க.

பேரன் நனைத்துப் பார்த்தான். பால் வெளிறல் மறைந்தது. வெப்பமானியின் எழுத்துக்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு நிமிடத்திற் காய்ந்து மறுபடி மூடிக்கொண்டது. அவன் மூன்று தரம் நனைத்துப் பார்த்தான்.

மறுநாட் காலை வேலையைத் தொடங்கினோம். மூடியைக் கழற்றாமல் அவ்விடத்திலேயே தேய்ப்பாரும் உளர். அது தவறு, தேய்க்குந் தண்ணீர் கசிந்து மீற்றருக்குள் இறங்கிவிடும். முதலில் பற்றறியின் மறைக் கம்பியைக் கழற்றி வைத்தோம். பின்பு மீற்றரைச் சுற்றியுள்ள சட்டத்தின் திருகாணிகள். பின்பு மீற்றர்ப் பெட்டியின் திருகாணிகள். பெட்டியைச் சற்று முன்னே இழுத்து, கையை உள்ளே விட்டு வேகமானியின் கேபிளையும் மின்னிணைப்பையும் விடுவித்தோம். கழற்றிய ஆணிகளை, கழற்றிய ஒழுங்கில், ஒரு கடதாசியிற் படம் கீறி அதன்மேல் குத்தி வைக்குமாறு பேரனிடம் சொன்னோம். நாற்பது வருட வெயிலிற் காய்ந்த பிளாஸ்ரிக் கொக்கிகள் அப்பளம்போல் முறியும் என்பதால், மூடியைப் பெட்டியிலிருந்து பிரிக்கும்போது அவசரப்படவில்லை. மூடி வெளியே வந்ததும் மீற்றர்களின் முகத்தைச் சுத்தமான துணியால் மூடிவைத்தோம். முட்களை விரலாலே தொடக்கூடாது. வாயால் ஊதவும் கூடாது.

புதிய கார்களில் இவ்வேலையை வீட்டிற் செய்ய எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்டியரிங்கினுள் காற்றுப்பை வைத்திருக்கும் வண்டிகளில், அதன் அயலிலே கைவைப்பது பழகாதவர்களுக்கு உரியதன்று. மின்வேலை தெரிந்த கராஜுக்கே கொண்டுபோக வேண்டும்.

மூடியை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சவர்க்கார நீரில் விரலால் மாத்திரம் தடவி, மறுபடி கழுவினோம். புழுதி ஒரு மணியேனும் இருக்கும்வரை தேய்க்கத் தொடங்கலாகாது. வாகனங்களுக்கு வர்ணம் பூசும் பொருள்கள் விற்கும் கடையிற் கறுப்பு நிறமான அரத்தாள் கிடைக்கும். தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது. இலக்கம் கூடக்கூட மென்மை கூடும். 1500, 2000, 3000 ஆகிய மூன்றில் ஒவ்வொரு தாளும், பிளாஸ்ரிக்குக்கென்றே விற்கும் மெருகுப் பசை ஒரு சிறு குப்பியும் வாங்கியிருந்தோம்.

இவ்விடத்தில் வாசகர்கள் மனதில் இருத்தவேண்டியது ஒன்று. கீறலை எவரும் 'அழிப்பதில்லை'. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப எம்மால் முடியாது. சுற்றியிருக்கும் மேட்டையெல்லாம் பள்ளத்தின் அடிவரை இறக்குகின்றோம், அவ்வளவே. மங்கிய மூடியை மெருகிடுவதென்பது கரடான கீறல்களை இன்னும் மெல்லிய கீறல்களாலும், அவற்றை அதனினும் மெல்லிய கீறல்களாலும் மாற்றிக்கொண்டு போய், கடைசியிற் கண்ணுக்கே தோன்றாத கீறல்களில் நிறுத்துவதாகும். இதனை விளங்கிக்கொண்டவர் அவசரப்படமாட்டார்.

தேய்த்தவன் பேரன். நாம் தண்ணீர் ஊற்றினோம். ஆசிரியர் கதிரை போட்டிருந்து மேற்பார்வை செய்தார். நாற்பது வருடப் பழக்கம் எளிதிற் போகுமா? 1500ஆம் இலக்கத் தாளைச் சிறிய மரத்துண்டிற் சுற்றி, இடம் வலமாக மாத்திரம், பாரங் கொடாமல் தேய்த்தான். மூடி முழுவதும் ஒரே சீராக வெண்மையாகியது. வெளிறியிருந்த மூலையை மாத்திரம் தேய்க்க அவன் கை ஆசைப்பட்டது, நாம் தடுத்தோம். ஓரிடத்தை மாத்திரம் தேய்த்தால் அங்கே குழி விழும். குழிக்குப் பின்னால் இருக்கும் எண்கள் கோணலாகத் தோன்றும். பின்பு கழுவி, தாளை மாற்றி, 2000ஆம் இலக்கத்தால் மேலும் கீழுமாகத் தேய்த்தான். திசையை மாற்றுவது ஏனென்றால், முந்திய தாளின் கோடுகள் முற்றாகப் போய்விட்டனவா என்பது அப்பொழுதுதான் தெரியும். ஒரு கோடு எஞ்சினாலும் அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் இடையே மூடியையும் கையையும் கழுவவேண்டும், தண்ணீரையும் மாற்றவேண்டும். முந்திய தாளின் ஒரு மணல், ஒரு மணி நேர வேலையைக் கெடுக்கும். 3000 முடிந்தபோது மூடி புகை படிந்த கண்ணாடிபோல் இருந்தது. பேரனின் முகத்திற் கலக்கம். முன்னையிலும் மோசமாக்கிவிட்டோமோ என்று நினைத்திருப்பான். இக்கட்டத்திற் கைவிட்டு எழுந்துபோனவர்கள் பலரை நாம் அறிவோம்.

பழைய பருத்திப் பனியன் துண்டிற் பயற்றளவு மெருகுப் பசையை எடுத்து வட்டமாகத் தேய்க்கச் சொன்னோம். முதலில் ஒன்றும் நிகழவில்லை. பின்பு துணிக்கு அடியிலிருந்து தெளிவு மெல்ல மெல்லப் பிறந்தது. சுழலும் இயந்திரத்தை வைத்துத் தேய்த்தால் நேரம் மிச்சம் என்று ஆசிரியர் யோசனை சொன்னார். நாம் இணங்கவில்லை. அக்கிரிலிக் 100 பாகை செல்சியசை அண்டியதும் இளகத் தொடங்கும். இயந்திரத்தை ஓரிடத்திற் சற்று நேரம் அழுத்தினால் அந்தச் சூடு வந்துவிடும். கைச்சூட்டுக்கு அந்த அபாயமில்லை.

பற்பசையாற் கீறல் போகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பொய்யன்று. வெள்ளைப் பற்பசையில் மெல்லிய தேய்ப்புப் பொருள் உண்டு. மிக இலேசான கீறல்களை அது மழுக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கலாகாது. ஆனால் பல்லுக்கு ஆகும் எல்லாம் மூடிக்கும் ஆகும் என்று எண்ணி உமிக்கரியை எடுத்துவிடாதீர்கள். உமியிற் சிலிக்கா மிகுதி. அது பழைய 7ஆம் இலக்கத்தாரின் உறவினர். பெற்றோல், தின்னர், ஸ்பிரிட் ஆகியவற்றை மூடிக்கு அருகிலும் கொண்டுவரக்கூடாது. அழுக்குப் போவதுபோற் போகும். சிலவேளை உடனே, சிலவேளை ஒரு கிழமை கழித்து, சிலந்தி வலைபோல் உள்வெடிப்புக்கள் ஓடும். அமோனியா கலந்த சாளரக் கண்ணாடித் திரவங்களும் ஆகா. இலேசான சவர்க்கார நீர் ஒன்றே போதும்.

மூடி தெளிந்துவிட்டது. இடப்பக்க மேல்மூலையில் ஒரு கீறல் மாத்திரம் எஞ்சி நின்றது. நகம் தடக்கும் ஆழம். பேரன் மறுபடி 1500ஐ எடுத்தான். அதைப் போக்கவேண்டுமாயின் மூடி முழுவதையும் அவ்வளவு ஆழத்துக்கு இறக்கவேண்டும். மூடியின் தடிப்பே சில மில்லிமீற்றர்தான். நாம் சொல்லுமுன்னரே ஆசிரியர் கையை நீட்டி அவனை மறித்தார். "அது இடம்பெயர்ந்த அண்டு ராவு குத்துவிளக்கின்ர கூர் பட்டது. கொம்மம்மா மடியில வைச்சிருந்தவ. அது கிடக்கட்டும்" என்றார். மீற்றர் எதையும் மறைக்காத மூலை. அதை விட்டுவிட்டோம்.

கழுவி உலர்த்தி, இறுதியாக ஒருதரம் துணியால் துடைத்து மூடியைப் பொருத்தினோம். பற்றறியை இன்னும் இணைக்கவில்லை. பேரன் திடீரென்று கூவினான்: "அம்மப்பா, பெற்றோல் முழுக்க இருக்கெண்டு காட்டுது!" பார்த்தால், பெற்றோல் மானியின் முள் உள்ளபடியே எழுந்து நிற்கின்றது. காரில் இருந்ததோ கால் தாங்கி. உலர்ந்த துணியாற் பிளாஸ்ரிக்கைத் தேய்க்கும்போது அதில் நிலைமின்னேற்றம் உண்டாகும். சீப்பைத் தலையில் வாரிக் கடதாசித் துண்டுகளைப் பொறுக்கும் விளையாட்டுப் போன்றது. அந்த ஏற்றம் பாரமற்ற முள்ளைத் தன்பால் இழுத்துவிடுகின்றது. மீற்றர் பழுதாகிவிட்டது என்று இதைக் கண்டு கராஜுக்கு ஓடியவர்களும் உண்டு. ஈரத்துணியால் மூடியை ஒருமுறை தடவினோம். முள் வீழ்ந்தது. மூடிக்கு உலர்த்துணி ஆகாதென்பதற்கு இது இரண்டாவது காரணம்.

தேய்த்துத் தீராத மூடிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மோட்டார்ச் சைக்கிள், முச்சக்கர வண்டி முதலியவற்றுக்குப் பல வேளைகளில் மூடி மாத்திரம் தனியாகக் கிடைக்கும். அவ்வாறு கிடைக்குமாயின் மெனக்கெட்டுத் தேய்ப்பதிலும் புதியதை வாங்கிப் போடுவதே நன்று. போடும்போது விளிம்பிலுள்ள றப்பர் வளையத்தைத் தவறவிட்டால் முதல் மாரியிலேயே உள்ளே நீராவி படியும். ஒஸ்ரின், மொறிஸ் வைத்திருப்போர் பாக்கியசாலிகள்: படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அளவு கொடுத்தால் வட்டக் கண்ணாடி வெட்டித் தருவார்கள். தட்டையான மூடியாயின், விளம்பரப் பலகை செய்யும் இடங்களில் அக்கிரிலிக் தகடு வாங்கி, அதன் காப்புக் கடதாசியை உரிக்காமலே மெல்லிய பல்லுள்ள வாளால் வெட்டி எடுக்கலாம். ஆனால் பழைய மூடி எந்தச் சரிவில் இருந்ததோ அந்தச் சரிவிலேயே புதியது இருக்கவேண்டும். மூடிகளைச் சரித்தும் வளைத்தும் செய்வது அழகுக்காக மாத்திரமன்று; ஓட்டுபவரின் சட்டையும் சாளரமும் அதிற் பிரதிபலித்து எண்களை மறைக்காதிருக்கவுமாகும். வளைந்த மூடியை வீட்டிற் சூடுகாட்டி வளைக்க முயல்வோருக்கு எமது அனுதாபங்கள். மேற்பூச்சுப் பூசிய மூடிகளையும், ஒளி தெறிக்காதிருக்க வேண்டுமென்றே மங்கலாகச் செய்யப்பட்ட மூடிகளையும் அரத்தாளால் தொடக்கூடாது; தொட்டால் பூச்சு போய் நிரந்தரமாகக் கெடும்.

நாட்டில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மறுபடி அனுமதிக்கப்படும்வரை, பழைய வண்டிகளின் உதிரிப்பாகங்களுக்கு இருந்த கிராக்கி வாசகர்கள் அறிந்ததே. கொழும்பிற் பஞ்சிகாவத்தைக் கடைகளிலே மூடியைத் தனியே கேட்டால் முழு மீற்றர்ப் பெட்டியையும் எடுத்துத் தருவார்கள். அதனை அப்படியே பூட்டும் முன் ஒருகணம் யோசிக்கவேண்டும். அந்தப் பெட்டியில் இருக்கும் கிலோமீற்றர்க் கணக்கு வேறொரு வண்டி ஓடியது. உமது வண்டியின் கணக்கு உமது பழைய பெட்டியோடு போய்விடும். ஆகவே இயலுமாயின் பழைய பெட்டியிலிருந்து மூடியை மாத்திரம் பிரித்து உமது பெட்டிக்குப் போடுங்கள். முழுப் பெட்டியையும் மாற்றியே தீரவேண்டுமானால் மாற்றிய நாளையும் இரு கணக்குகளையும் எழுதி வண்டிப் புத்தகத்தோடு வைத்து, பின்னாளில் விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டவேண்டும். ஓடாத ஓட்டத்தைக் காட்டி வண்டி விற்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றார்கள்.

வியாழக்கிழமை கிளினிக் நாள். ஆசிரியர் எம்மையும் அழைத்தார். மனைவியார் முன்னிருக்கையில், நாமும் பேரனும் பின்னால். திரும்பும்போது ஐந்தரை மணியிருக்கும். வல்லை வெளியில் ஏறியதும் சூரியன் வழக்கம்போல் பின்னாலிருந்து உள்ளே நுழைந்து மீற்றரின் மேல் விழுந்தது. பேரன் முன்னிருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். ஒருவரும் பேசவில்லை. பாலத்தை நெருங்கியபோது ஆசிரியர் வீதியிலிருந்து கண்ணை ஒரு நொடி தாழ்த்தி, "நாற்பது. சூடு பாதிக்குக் கீழ. பெற்றோல் கால்" என்று வகுப்பில் வரவு கூப்பிடுவதுபோல் ஒவ்வொன்றாக வாசித்தார். "முன்னுக்குப் பாத்து ஓட்டுங்கோ" என்றார் மனைவியார்.

ஞாயிற்றுக்கிழமை காரைப் பார்க்க வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். துவாய்த் துண்டு இப்போது காரின் பின்பெட்டியில், சில்லு துடைக்க இருக்கின்றது. கார்ப் பெட்டிக்குள் பேரன் ஒரு சிறு தண்ணீர்ப் போத்தலும் பனியன் துண்டும் வைத்திருக்கின்றான். அதைத் தன்னைத் தவிர வேறொருவரும் தொடக்கூடாது என்று அம்மப்பாவுக்கும் உத்தரவு போட்டிருக்கின்றானாம்.